வயலில் ஒரு கால், ஆலையில் ஒரு கால்: ஜார் ரஷ்யாவின் தாமதத் தொழில்மயம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் இரும்பாலை ஒன்றில் வேலை கேட்டு நின்றவனிடம் ஒரு தாள் இருந்தாக வேண்டும். கடவுச்சீட்டு என்று அதற்குப் பெயர். சொந்த ஊரைவிட்டு வெளியே தங்க அவனுக்குக் கொடுக்கப்பட்ட அனுமதி அது. அவன் ஊர் அடங்கிய வோலஸ்த், அதாவது குடியானவர் வட்டத்தின் அலுவலகம், அதை வழங்கியது. குடும்பத் தலைவர் சம்மதிக்காவிட்டால் தாள் கிடைப்பது அரிது. வரிப்பாக்கி இருந்தால் புதுப்பிக்க மறுக்கலாம். கெடு முடிந்த தாளோடு பிடிபட்டால் காவலோடு ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுவான். பத்து ஆண்டுகள் லேத்து இயந்திரத்தின் முன் நின்று கை காய்த்துப்போனவனும் அந்தத் தாளில் குடியானவன்தான். பேரரசின் குடிப்பதிவில் பிரபுக்கள், குருமார், வணிகர், நகரத்தார், குடியானவர் என்ற வகுப்புகள் இருந்தன. ஆலைத் தொழிலாளி என்றொரு வகுப்பு இல்லை.

1897இல் எடுக்கப்பட்ட முதல் முழுமையான குடிக்கணக்கு பேரரசின் மக்கள்தொகையை ஏறத்தாழ 12.5 கோடி என்றது. அதில் முக்கால் பங்குக்கும் மேல் சட்டப்படி குடியானவர். நகரங்களில் இருந்தோர் நூற்றுக்கு 13 பேர். எழுதப் படிக்கத் தெரிந்தோர் 21 பேர். இதே நாட்டில், இதே பத்தாண்டில், இருப்புப்பாதையின் நீளம் சுமார் 30,000 கிலோமீட்டரிலிருந்து 53,000 கிலோமீட்டரானது. வார்ப்பிரும்பு உற்பத்தி மூன்று மடங்கைத் தாண்டியது. நூற்றாண்டு திரும்பும் வேளையில் உலகின் கச்சா எண்ணெயில் ஏறத்தாழ பாதி காக்கசஸின் பாக்கூவிலிருந்து வந்தது.

இவ்வளவு பெரிய வேளாண் பேரரசு, இவ்வளவு தாமதமாகத் தொடங்கி, இவ்வளவு வேகமாக ஆலை கட்டியபோது அதன் செலவை யார் சுமந்தார்கள்? வரியாகவும் தானியமாகவும் குடியானவரே சுமந்தார்கள் என்பது நெடுங்காலம் நிலைத்த விடை. அந்த விடை கடந்த அரை நூற்றாண்டில் கடுமையாகக் கேள்விக்குள்ளானது. இரு தரப்புமே ரூபிளையும் தானியத்தையும் எண்ணிக்கொண்டிருக்கையில் வேறொரு செலவைக் கணக்கில் எழுதாமல் விட்டன என்பது என் வாதம். தொழிலாளியைப் பெற்று வளர்ப்பது, நோயிலும் வேலையில்லாக் காலத்திலும் முதுமையிலும் அவனை வைத்துக்கொள்வது ஆகியவற்றின் செலவு அது. கிராமம் அதைச் சுமந்தது. சுமக்க வைத்த கருவிகளில் ஒன்று அந்தத் தாள்.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். இங்கே 'ரஷ்யா' என்பது பெரும்பாலும் ஐரோப்பிய ரஷ்யாவின் நடுப்பகுதி. போலந்து, பால்டிக் மாநிலங்கள், பின்லாந்து, காக்கசஸ் ஆகியவற்றின் நிலவுடைமையும் ஆலை வரலாறும் வேறு.

கெர்ஷென்க்ரோன் வரைந்த படம்

இத்துறையில் எவரும் தவிர்க்க முடியாத பெயர் அலெக்சாண்டர் கெர்ஷென்க்ரோன். 1904இல் ஒடெஸாவில் பிறந்து, புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறி, ஹார்வர்டில் பொருளியல் வரலாறு கற்பித்தவர். 1952இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று, பின்தங்கிய நாடு முன்னேறிய நாட்டின் பாதையில் அப்படியே பின்தொடர்ந்து நடப்பதில்லை என்றது. பிரிட்டனில் தொழில்முனைவோர் சேர்த்த முதல் செய்த வேலையை ஜெர்மனியில் வங்கிகள் செய்தன. வங்கிகூடச் சரியாக வேரூன்றாத ரஷ்யாவில் அதே வேலையை அரசு செய்தது. எவ்வளவுக்கு எவ்வளவு பின்தங்கல் ஆழமோ, அவ்வளவுக்கு அவ்வளவு பாய்ச்சல் வேகமாகவும், ஆலை பெரிதாகவும், கனரகத் தொழிலின் பக்கம் சாய்ந்தும், மக்களின் நுகர்வை இறுக்கியும் அமையும் என்பது அவர் கணிப்பு. 1890களின் ரஷ்யத் தொழில் வளர்ச்சியை ஆண்டுக்கு 8 விழுக்காடு என்று அவர் மதிப்பிட்டார்.

இந்தப் படத்துக்கு உயிர் கொடுப்பவர்கள் இரண்டு நிதியமைச்சர்கள். 1887 முதல் 1892 வரை பதவியிலிருந்த இவான் விஷ்னெகிராத்ஸ்கி தங்கக் கையிருப்பைத் திரட்டத் தானிய ஏற்றுமதியை முடுக்கினார். இலையுதிர் காலத்தில் வரி வசூலித்தால், விலை தாழ்ந்திருக்கும் அறுவடைச் சமயத்திலேயே குடியானவன் தானியத்தை விற்றாக வேண்டும். சந்தைக்கும் துறைமுகத்துக்கும் தானியம் தானாகவே போய்ச் சேரும். அரைவயிறாக இருந்தாலும் ஏற்றுமதி செய்வோம் என்ற பொருளில் ஒரு வாக்கியம் அவர் பெயரால் வழங்குகிறது. அவர் சொன்னாரோ இல்லையோ, கொள்கை அதுதான். 1891இல் அவர் காலத்தில் வந்த சுங்க அட்டவணை ஐரோப்பாவிலேயே உயர்ந்த காப்புவரிகளுள் ஒன்று. அதை வகுக்க உழைத்தவர்களில் ஒருவர், தனிமங்களை அட்டவணைப்படுத்திய திமித்ரி மெந்தெலேயெவ். சோடா உப்பும் இரும்பும் எவ்வளவு வரி தாங்கும் என்று அவர் கணக்கிட்ட பக்கங்களைப் பார்த்தால், வேதியியலை அவர் ஒரு கணமும் விட்டு விலகவில்லை என்றே தோன்றும்.

அதே 1891இல் வோல்கா, கருமண் மாநிலங்களில் விளைச்சல் பொய்த்தது. பஞ்சமும் அதைத் தொடர்ந்த காலராவும் சுமார் 4 லட்சம் உயிர்களைக் கொண்டுபோயின. ரை தானிய ஏற்றுமதிக்குத் தடை வந்தபோது காலம் கடந்திருந்தது. ரியாசான் மாநிலத்தில் டால்ஸ்டாய் கஞ்சித்தொட்டிகள் திறந்தார். விஷ்னெகிராத்ஸ்கி பதவியிழந்தார்.

அவருக்குப் பின் வந்த செர்கேய் விட்டே (1892 முதல் 1903 வரை) இருப்புப்பாதை நிர்வாகத்திலிருந்து வளர்ந்தவர். முன்னவர் காலத்தில், 1891இல், தொடங்கிய சைபீரியப் பாதையை அவர் தன் வாழ்நாள் பணியாக ஆக்கிக்கொண்டார். சாராய விற்பனையை அரசின் ஏகபோகமாக்கினார். பேரரசின் கடைசி ஆண்டுகளில் அரசு வருவாயில் கால் பங்களவு அதிலிருந்து வந்தது. 1897இல் ரூபிளைத் தங்கத்தோடு பிணைத்து அந்நிய முதலுக்குக் கதவைத் திறந்தார். ஜெர்மானியப் பொருளியலாளர் பிரெடரிக் லிஸ்டைப் பற்றி 1889இல் ஒரு சிறுநூல் எழுதியவர் அவர். அதே லிஸ்டைப் படித்து 1892இல் புனேயில் இந்தியப் பொருளியல் பற்றி உரையாற்றியவர் நீதிபதி ரானடே. புத்தகம் ஒன்றுதான். விட்டேயின் கையில் சுங்கச்சாவடி இருந்தது, ரானடேயின் கையில் இல்லை. இரண்டு வேளாண் பேரரசுகளின் விதி பிரிந்ததற்கு இந்த ஒரு வேறுபாடு எவ்வளவு காரணம் என்பது தனிக் கட்டுரைக்குரியது.

கெர்ஷென்க்ரோனின் படத்தில் அரசு எல்லாவற்றையும் செய்கிறது. விமர்சனம் அங்கேதான் தொடங்கியது. அரசின் செலவில் பெரும்பகுதி படைக்கும் கடன் வட்டிக்குமே போனது, ஆலைக்குப் போனது சொற்பம், வரியும் காப்புவரியும் தொழிலுக்கு உதவிய அளவுக்கு ஊறும் செய்தன என்று 1960களில் அர்காதியுஸ் கஹான் வாதிட்டார். தெற்கின் டான்பாஸ் நிலக்கரிப் பகுதி உலைகளிலும் பாக்கூவின் எண்ணெயிலும் அந்நிய நிறுவனங்கள் கொண்டுவந்த தொழில்நுட்பமே தீர்மானகரமானது என்றார் ஜான் மெக்கே. வேல்ஸ் நாட்டு இரும்புக்காரர் ஜான் ஹ்யூஸ் 1870இல் புல்வெளியின் நடுவே வந்திறங்கி எழுப்பிய ஆலையைச் சுற்றி அவர் பெயராலேயே யூஸொவ்கா என்றொரு ஊர் உருவானது; இன்றைய தோனெத்ஸ்க் அதுதான். ஆனால் அங்கும் தண்டவாளத்துக்கான அரசின் ஒப்பந்தம் முதலில் வந்தது, உலை பிறகுதான் வந்தது. நோபல் சகோதரர்களின் பாக்கூ நிறுவனம் (1879) அப்படி அரசை நம்பி எழவில்லை.

இவை எதிலும் சேராத மற்றொரு ரஷ்யா இருந்தது. மாஸ்கோவுக்கு வடகிழக்கே இவானொவோ என்ற ஊரில் ஷெரெமெதெவ் பிரபுவின் பண்ணையடிமைகளே அச்சுத்துணி ஆலை நடத்தினார்கள். சாவா மொரோஸொவ் என்ற பண்ணையடிமை நெசவிலும் பட்டு நாடா விற்பனையிலும் சேர்த்த பணத்தைக் கொடுத்து 1820களின் தொடக்கத்தில் தன் குடும்பத்தின் விடுதலையை வாங்கினார். அவருடைய வாரிசுகள் ரஷ்யாவின் மிகப் பெரிய பருத்தி ஆலை அதிபர்களில் அடக்கம். லான்கஷயர் இயந்திரங்களை வரவழைத்துத் தந்தவர் லூத்விக் க்னூப் என்ற ஜெர்மானிய வணிகர். தேவாலயம் இருக்கும் இடத்தில் பாதிரி இருப்பதுபோல ஆலை இருக்கும் இடத்தில் க்னூப் இருப்பார் என்று மக்கள் கேலி பேசினார்கள். காப்புவரியின் நிழலைத் தவிர இந்தப் பருத்தித் தொழில் அரசிடம் அதிகம் பெறவில்லை. பீட்டர்ஸ்பர்க்கிலும் தெற்கிலும் பொருந்துகிற கெர்ஷென்க்ரோனின் விளக்கம் மாஸ்கோ வட்டாரத்தில் தடுமாறுகிறது.

வயிற்றுக் கணக்கு

இனி அவருடைய வாதத்தின் மறுபாதி: குடியானவர் கசக்கிப் பிழியப்பட்டார்கள் என்பது. 1861இன் பண்ணையடிமை ஒழிப்பு நிலத்தை இலவசமாகத் தரவில்லை. நிலப்பிரபுவுக்கு அரசு முன்பணம் கொடுத்தது. குடியானவர் அதை 49 ஆண்டுத் தவணையில், ஆண்டுக்கு 6 விழுக்காடு வீதம் கட்ட வேண்டும். பல இடங்களில் முன்பு உழுத நிலத்தைவிடக் குறைவான நிலமே கிடைத்தது. வெட்டியெடுக்கப்பட்ட அத்துண்டுகளை அவர்கள் தலைமுறைகள் கடந்தும் மறக்கவில்லை. மீட்புத் தவணையோடு சர்க்கரை, தேயிலை, மண்ணெண்ணெய், தீப்பெட்டி, சாராயம் ஆகியவற்றின் மீதான மறைமுக வரிகளும் சேர்ந்தன. பாக்கி ஏறிக்கொண்டே போனது. வரி தாங்கும் சக்தி வற்றியதால்தான் 1900இல் தொழில் நெருக்கடி வந்தது என்பது கெர்ஷென்க்ரோனின் முடிவு.

1977இல் ஜேம்ஸ் சிம்ஸ் இதைத் தலைகீழாக்கினார். மறைமுக வரி வருவாய் ஏறியது என்றால் சர்க்கரையும் தேயிலையும் கூடுதலாக விற்றன என்றுதானே பொருள்? பாக்கி ஏறியது இயலாமைக்குச் சான்று என்று ஏன் கொள்ள வேண்டும்? கட்ட மனமில்லாமையாகவும் இருக்கலாமே? 1982இல் பால் கிரெகரி ரஷ்யாவின் தேசிய வருமானத்தைப் புதிதாகக் கணக்கிட்டார். 1885க்கும் 1913க்கும் இடையில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 3.3 விழுக்காடு வளர்ந்தது, ஏற்றுமதி போகக் கிராமத்தில் தங்கிய தானியமும் மக்கள்தொகையைவிட வேகமாகப் பெருகியது என்றார். பின்னாளில் பொரீஸ் மிரோனொவ் படைக்குச் சேர்ந்த இளைஞர்களின் உயரப் பதிவுகளைத் திரட்டி, குடியானவரின் உடல்நிலை மேம்பட்டதாக வாதிட்டார். ரஷ்ய வரலாற்றாளர்களிடையே அது எழுப்பிய சண்டை சிறியதன்று.

சிம்ஸின் வாதத்தில் எனக்கு ஒரு தயக்கம். சாராயம் விற்றதைச் செழிப்பின் அளவுகோலாகக் கொள்வது எப்படிப்பட்ட வாதம் என்பதை, சாராயக்கடை வருவாயில் அரசு நடப்பதைக் கண்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சர்க்கரையும் தேயிலையும் வேறு. அவற்றை அவர் சரியாகவே சுட்டுகிறார். கிரெகரியின் எண்களை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் அவை பேரரசின் சராசரி. ஸ்டீபன் வீட்கிராஃப்ட் வட்டாரவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது தெற்குப் புல்வெளியும் சைபீரியாவும் மேற்கு மாநிலங்களும் ஏறியிருந்தன. நடுக் கருமண் மாநிலங்களிலும் வோல்காப் பகுதியிலும் நிலை சரிந்திருந்தது. ஒரே பேரரசில் ஒருவன் தேநீரில் சர்க்கரை போட்டுக் குடித்துக்கொண்டிருந்தான், மற்றொருவன் கூரை வைக்கோலைப் பிரித்து மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தான். ஆகவே, ஆலைக்காக ரஷ்யக் கிராமம் முழுதும் பட்டினி கிடந்தது என்ற கூற்றை இனியும் அப்படியே சொல்ல முடியாது. வறுமை இருந்தது, சில இடங்களில் ஆழ்ந்தது; ஆனால் ஆலைக்கும் அதற்கும் இடையே நேர்க்கோடு வரைய இந்தச் சான்றுகள் போதா.

அப்படியானால் கிராமம் ஆலைக்கு எதைத்தான் கொடுத்தது?

கிராமம் கொடுத்தது

தமிழ் வாசகர்களில் பலருக்கு ரஷ்ய ஆலை முதலில் அறிமுகமானது நாவல் வழியாகத்தான். தொ.மு.சி. ரகுநாதன் மொழிபெயர்த்த கார்க்கியின் 'தாய்' நாவலில் பாவெலையும் அவன் தாயையும் நினைவில் வைத்திருக்கும் நாம் ரீபினை மறந்துவிடுகிறோம். ஆலையை விட்டுக் கிராமத்துக்குப் போய், அங்கே கலகம் பேசிப் பிடிபடுகிறவன் அவன். ரீபின் போன பாதையில் அன்று பல லட்சம் பேர் இரு திசையிலும் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

அவர்கள் போய்வந்த கிராமம் 'மீர்' என்ற ஊர்ச்சமூகம். நிலம் ஊருக்குப் பொது. குடும்பத்தின் ஆள்கணக்குப்படி பல இடங்களில் அவ்வப்போது மறுபங்கீடு நடக்கும். வரிக்கும் மீட்புத் தவணைக்கும் ஊர் முழுதும் கூட்டாகப் பொறுப்பு: ஒருவன் கட்டாவிட்டால் மற்றவர் தலையில் விழும். ஆகவே ஊர் எவனையும் கைகழுவி விட முடியாது. நகரத்துக்குப் போகிறவன் போகலாம், ஆனால் அவன் பங்குப் பணம் வந்துகொண்டிருக்க வேண்டும். கடவுச்சீட்டின் கெடு அதற்கான பிடி. 1890களில் ஆண்டுதோறும் வழங்கப்பட்ட கடவுச்சீட்டுகளின் எண்ணிக்கை பத்து லட்சக் கணக்கில் இருந்தது.

செம்யோன் கனாத்சிக்கோவ் என்ற தொழிலாளியின் தன்வரலாறு இந்த ஏற்பாட்டைக் கண்முன் நிறுத்துகிறது. 1895இல், 16 வயதில், தந்தை அவரைக் கிராமத்திலிருந்து வண்டியில் மாஸ்கோவுக்கு அழைத்துவந்து ஒரு பொறியியல் ஆலையில் சேர்த்தார். தங்கியது ஊர்க்காரர்களோடு: சுமார் 15 பேர் சேர்ந்து வாடகை பகிர்ந்து, சமையற்காரி வைத்து, ஒரே கிண்ணத்திலிருந்து மரக்கரண்டியால் உண்ட 'அர்த்தேல்' என்ற கூட்டு. ஒரே ஊர், ஒரே வட்டத்து ஆட்களை ரஷ்யர் 'ஸெம்லியாக்' என்றார்கள். நம் 'ஊர்க்காரர்' அதற்குச் சரியான சொல். வேலை பிடித்துத் தந்தவரும், நோயில் கவனித்தவரும், சம்பளத்தில் மிச்சம் பிடித்தானா என்று ஊருக்குச் சேதி அனுப்பியவரும் அவர்களே.

இதற்கு எதிரான சான்றை மறைக்கக் கூடாது. 1880களில் மாஸ்கோ மாநில ஆலைகளை நேரில் ஆய்ந்த மருத்துவர் தெமெந்தியெவ், கோடையில் வயல் வேலைக்குத் திரும்பியவர்கள் சுமார் 14 விழுக்காட்டினர் மட்டுமே எனக் கண்டார். பெரும் நெசவாலைகள் ஆண்டு முழுதும் ஓடின. தொழிலாளர் பலரின் தந்தையரும் ஆலையில் உழைத்தவர்களே. இதை எடுத்துக்காட்டித்தான் லெனின் 1899இல் வெளியிட்ட 'ரஷ்யாவில் முதலாளித்துவத்தின் வளர்ச்சி' நூலில், குடியானவர் இரு வர்க்கங்களாக உடைந்துவிட்டார்கள், ஊர்ச்சமூகம் வெறும் மேலோடு என்றார். உள்நாட்டுச் சந்தையை அழித்துக்கொண்டே முதலாளித்துவம் இங்கே வளர முடியாது என்று 1882இல் எழுதிய வொரொன்ட்ஸொவ் முதலான நரோத்னிக்குகளுக்கு, அதாவது ஊர்ச்சமூகத்தை நம்பிய சோஷலிஸ்டுகளுக்கு, அவர் சொன்ன பதில் அது. சந்தை பற்றிய வாதத்தில் லெனின் வென்றார் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் தெமெந்தியெவின் எண் அறுவடைக்கு யார் போனார்கள் என்பதை அளக்கிறது. குடும்பம் எங்கே இருந்தது என்பதை அளக்கவில்லை. மாஸ்கோத் தொழிலாளரை ஆராய்ந்த ராபர்ட் ஜான்சன் 1979இல் எழுதிய நூலில் கவனித்தது இதைத்தான். அரிவாள் பிடிக்க ஊருக்குப் போகாதவனுக்கும் ஊரில் பங்குநிலம் இருந்தது. மனைவி அதை உழுவித்தாள், குழந்தைகள் அங்கே வளர்ந்தன, அவன் பணம் அனுப்பினான். திருமணமான ஆண் தொழிலாளர் பெருந்தொகையினர் மனைவியைப் பிரிந்தே நகரத்தில் இருந்தார்கள். ஆலை முதலாளி ஒரு ஆளின் கூலியை மட்டும் கொடுத்தால் போதும், குடும்பத்தின் கூலியைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆலை விபத்துக்கு ஈடு கொடுக்கும் சட்டமே 1903இல்தான் வந்தது. கை போனவன் அதுவரை எங்கே போனான்? 1900இல் தொடங்கிய தேக்கத்தில் டான்பாஸிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் ஆட்குறைப்பு நடந்தபோது வேலை போனவர்கள் எங்கே போனார்கள்? ஊருக்குத்தான்.

தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களைப் பற்றி 1972இல் ஹரோல்ட் வோல்பே இதே தர்க்கத்தை எழுதினார்: ஒதுக்கப்பட்ட கிராமப் பகுதி தொழிலாளியின் பராமரிப்பைச் சுமப்பதால் சுரங்கம் குறைந்த கூலியில் நடக்கிறது. ரஷ்யாவுக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது. மீர் எந்தச் சுரங்க முதலாளியும் திட்டமிட்டு அமைத்ததன்று. அது ஆலையைவிட மூத்தது. குடும்ப உழைப்புக்குக் கூலிக்கணக்கு எழுதாத குடியானவப் பொருளாதாரத்துக்குத் தனித் தர்க்கம் உண்டு என்று பின்னாளில் வேளாண் பொருளியலாளர் சயானொவ் காட்டினார். அந்தக் குடும்பத்தின் பார்வையில் நகரத்துக்குப் போன மகன் பண்ணையின் ஒரு வருவாய்வழி, பால்மாடு போல. எனவே கிராமம் ஆலையால் சுரண்டப்பட்டது என்பதோடு, கிராமமும் ஆலையைத் தன் பிழைப்புக்குப் பயன்படுத்தியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே உறவின் இரு பக்கங்கள். அதனாலேயே அந்த உறவு இவ்வளவு காலம் அறுந்துபோகாமல் இருந்தது.

இரண்டு அமைச்சகங்கள்

அரசு ஏன் இதை அவிழ்க்கவில்லை? 1861இன் சட்டத்தை வகுத்தவர்கள் மேற்கு ஐரோப்பாவின் நிலமற்ற நகர்ப்புறக் கூட்டத்தைக் கண்டு அஞ்சியவர்கள். எல்லோருக்கும் ஊரில் ஒரு துண்டு நிலம் இருந்தால் ரஷ்யாவில் பாட்டாளி வர்க்கமே உருவாகாது என்பது அவர்கள் நம்பிக்கை. வரி வசூலுக்கும் ஒழுங்குக்கும் மீர் மலிவான நிர்வாகம். உள்துறை அமைச்சகம் இந்த நோக்கை இறுகப் பற்றியிருந்தது. நிதியமைச்சகம் புதிய உலைகளுக்கு உரிமம் கொடுத்துக்கொண்டிருந்த 1893இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஜூனில் வந்தது நில மறுபங்கீட்டைக் கட்டுப்படுத்தியது. டிசம்பரில் வந்தது குடியானவன் ஊர்ச்சமூகத்தைவிட்டுத் தன் பங்கைப் பிரித்துக்கொண்டு போவதை இன்னும் கடினமாக்கியது. வாசலில் ஆள் தேவை என்று பலகை தொங்கவிட்டுக்கொண்டே வீட்டுக்குள்ளிருந்து வெளியேறும் கதவைப் பூட்டியது அரசு.

கெர்ஷென்க்ரோனுக்கும் இந்த முரண் தெரியும். மீர் உழைப்பாளர் பெயர்ச்சியைத் தடுத்தது என்பதை அவர் வலியுறுத்துகிறார். அவர் அதைத் தடை என்று மட்டும் கண்டார். தடுத்தது நிலையான குடியேற்றத்தை. தற்காலிகமான போக்குவரத்தை அது ஊக்குவித்தது. விட்டேகூட முதலில் மீரின் ஆதரவாளர்தான். 1898இல் ஜாருக்கு எழுதிய கடிதத்தில்தான் குடியானவரின் சட்டநிலையை மாற்றாமல் தொழில்வளம் நிற்காது என்று வெளிப்படையாக வாதிட்டார். ஜார் அதற்கு இசையவில்லை. கூட்டுப் பொறுப்பு 1903இல் நீங்கியது. தன் விருப்பப்படி வசிப்பிடம் தேர்ந்துகொள்ளும் உரிமையும், ஊர்ச்சமூகத்திலிருந்து பிரியும் உரிமையும் 1906இன் இறுதியில், புரட்சி ஒன்று நடந்து முடிந்த பிறகு, பிரதமர் ஸ்தொலிப்பின் காலத்தில் வந்தன. மீட்புத் தவணை 1907 ஜனவரியில் ஒழிந்தது. அதற்குள் விட்டேயின் தொழில் பாய்ச்சல் முடிந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பெரிய ஆலை, திரும்பும் வழி

மலிவான கூலி என்பதால் ஆலைக்கு லாபம் என்று முடித்துவிட முடியாது. வேரூன்றாத ஆள் வேலை பழகும் முன் ஊருக்குப் போய்விடுவான். ஆயிரம் கதிர்களுக்கு லான்கஷயரில் தேவைப்பட்டதைப்போலப் பல மடங்கு ஆட்கள் ரஷ்ய நூற்பாலையில் தேவைப்பட்டார்கள். தேர்ந்த கை கிடைக்காத இடத்தில் முதலாளி பெரிய இயந்திரத்தையும், எல்லோரையும் ஒரே கண்காணிப்பில் வைக்கப் பெரிய ஆலையையும் நாடினார். அந்நிய முதல் அதை எளிதாக்கியது. 1914இல் ரஷ்யத் தொழிலாளரில் சுமார் 41 விழுக்காட்டினர் ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்த ஆலைகளில் இருந்தார்கள், அமெரிக்காவில் 18 விழுக்காட்டினர் மட்டுமே என்று த்ரோத்ஸ்கி எடுத்துக்காட்டிய எண்கள் புகழ்பெற்றவை. அவர் இதில் நவீனத்தைக் கண்டார். பாதி கிராமத்தில் நிற்கும் தொழிலாளியைச் சமாளிக்க எழுந்த ஏற்பாட்டையும் அதில் காணலாம்.

அந்தப் பாதி கிராமத்தைத் தண்டனைக் கூடமாகவும் அரசு பயன்படுத்தியது. 1885 ஜனவரியில் ஒரெகொவோ-சூயெவோவின் மொரோஸொவ் ஆலையில் கூலிக் குறைப்பையும் அபராதங்களையும் எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர். படை வந்தது, 600க்கும் மேற்பட்டோர் பிடித்து ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர். விசாரணைக்கு நின்றவர்கள்மீது நடுவர் குழுவிடம் வைக்கப்பட்ட 101 கேள்விகளுக்கும் 'குற்றமில்லை' என்றே விடை வந்தது. அபராதங்களை வரையறுத்த 1886 சட்டம் அதன் விளைவு. ஆனால் ஊருக்கு அனுப்பப்பட்ட 600 பேர் அங்கே வாய்மூடி இருந்திருப்பார்களா? ஆலையின் கோபத்தை அரசு தன் செலவிலேயே கிராமங்களுக்கு வண்டியேற்றி அனுப்பியது. எதிர்த்திசையில், வெட்டியெடுக்கப்பட்ட நிலத்தின் கோபம் ஊர்க்காரர் கூட்டுகளில் ஆலைக்குள் வந்தது. 1905இல் இரண்டும் ஒரே ஆண்டில் வெடித்தன. நரோத்னிக்குகள் கிராமத்தையும் மார்க்சியர்கள் ஆலையையும் தனித்தனியே பார்த்துக்கொண்டிருந்த வேளையில், தொழிலாளியின் சட்டைப்பையில் இருந்த தாள் இரண்டையும் இணைத்து வைத்திருந்தது. ஊர்ச்சமூகத்தின் எதிர்காலம் பற்றிக் கேட்ட ரஷ்யப் புரட்சியாளர் வேரா சாசூலிச்சுக்கு 1881இல் அனுப்பிய சுருக்கமான பதிலுக்காக மார்க்ஸ் பலமுறை நீண்ட வரைவுகளை எழுதி ஒதுக்கியிருக்கிறார். இந்த இணைப்பு எவ்வளவு சிக்கலானது என்பதை அவர் உணர்ந்திருந்ததாகவே அவை படுகின்றன.

ஸ்தொலிப்பினின் சீர்திருத்தம் இந்த முடிச்சை அவிழ்த்ததா? முதல் உலகப் போர் வரை மீரிலிருந்து தன் பங்கைத் தனியுடைமையாகப் பதிந்துகொண்ட குடும்பங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. 1917இல் ஊர்ச்சமூகங்கள் அவர்களில் பெரும்பாலோரைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டன. நிலப்பிரபுக்களின் நிலத்தைப் பங்கிட்டதும் அதே மீர்தான். பங்கீட்டுச் செய்தி கேட்டு நகரத்துத் தொழிலாளரும் தங்கள் பெயர் விடுபடக் கூடாதென்று ஊருக்குப் போனார்கள். 1917இல் 23 லட்சத்துக்கும் மேலாக இருந்த பெத்ரோகிராதின் (முன்னைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) மக்கள்தொகை 1920இல் சுமார் 7 லட்சமாகச் சுருங்கியது. போரும் நோயும் படைச்சேர்க்கையும் அதில் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டன. ஆனால் பெரும்பாலோர் ரொட்டி இருக்கும் இடத்துக்குப் போயிருந்தார்கள். புரட்சி நடத்திய வர்க்கம் எங்கே போயிற்று என்று ஆட்சியாளர்கள் திகைத்தபோது, அது உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது.

1932 டிசம்பரில் சோவியத் அரசு உள்நாட்டுக் கடவுச்சீட்டை மீண்டும் கொண்டுவந்தது. இம்முறை அது நகரத்தாருக்குத்தான். கூட்டுப்பண்ணைக் குடியானவர்களில் பெரும்பாலோருக்கு அது வழங்கப்படவில்லை. அவர்களுக்கும் கடவுச்சீட்டு கொடுக்கலாம் என்ற ஆணை 1974இல் வந்தது. தாள்களைக் கொடுத்து முடிக்க 1981 ஆயிற்று.